கனம் குறைந்த வாணலி

லேத் பட்டறைக்காரர் எதை வாங்கினாலும் முதலில் கையில் தூக்கிப் பார்ப்பார். கனத்தால் நல்ல சாமான். கனக்கவில்லையா, கடைக்காரன் தலையில் மிளகாய் அரைக்கிறான் என்று அர்த்தம். காலமெல்லாம் இரும்போடு மல்லுக்கட்டிய மனுஷனுக்கு வேறென்ன தோன்றும்! பட்டறையில் அவருக்கு எடைக்கல் என்றே பெயர்.

மனைவிக்கு மணிக்கட்டு முறிந்து, கட்டுப் பிரித்த பிறகும் வலது கையில் பழைய தெம்பு வரவில்லை. ஒருநாள் கொதிக்கிற பாத்திரத்தை நழுவவிட்டாள். நல்லவேளை, யார் மேலும் படவில்லை. ஆனால் அன்றோடு அடுப்படிப் பக்கம் போவதையே விட்டுவிட்டாள். இவர் பொங்கிப் போட்டதை வாய் திறக்காமல் சாப்பிட்டாள். அதைத்தான் இவரால் தாங்க முடியவில்லை. உப்புக் கரித்தால் திட்ட வேண்டாமா? கருகிப் போனால் தட்டைத் தள்ளிவிட வேண்டாமா? அந்த வாயைக் கேட்கத்தானே மனுஷன் வேலை முடிந்ததும் வீட்டுக்கு ஓடி வருவார்! அவள் பழையபடி அடுப்பு முன்னால் வந்து நிற்க வேண்டும். அவருக்கு வேறு ஆசையே கிடையாது.

நல்ல சாமானாகக் கண்ணில் காட்டினால் கை தானாக வரும் என்று மனக்கணக்குப் போட்டார். பாத்திரக் கடைக்குப் போய் வார்ப்பிரும்பு வாணலி ஒன்றை மூச்சு வாங்கத் தூக்கி வந்து மேடையில் வைத்தார்.

"தட்டிப் பாரு, கணீர்னு கேக்குது. ஜென்மத்துக்கும் தாங்கும்!"

அவள் இரண்டு கையாலும் பிடித்தாள். கொஞ்சம் தூக்கினாள். சட்டென்று கீழே வைத்துவிட்டு மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"நல்லாத்தான் இருக்கு," என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

அட மடையா! வலிப்பது யார் கை, தூக்கிப் பார்த்தது யார் கை? எடைக்கல் தன்னையே வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டார்.

மறுநாள் அதை மாற்ற வேண்டும் என்று கெஞ்சிக் கூத்தாடி அவளையும் கடைக்கு அழைத்துப் போனார். குறுக்கே பேசக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஓரமாக நின்றார். அவள் அடுக்கி வைத்திருந்த சாமான்களை ஒரு சுற்று பார்த்தாள். பிறகு, பிடி தடிமனாக இருந்த ஒரு கத்தியை எடுத்தாள். இறுக்கிப் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. அதைத் தனியே வைத்தாள். அப்புறம் வாணலிகளின் பக்கம் திரும்பினாள்.

"கொஞ்சம் தண்ணி கிடைக்குமாம்மா?"

"குடிக்கவாக்கா?" என்றாள் கடைக்காரி.

"இதுல ஊத்தத்தான். வெறும் பாத்திரத்தையா தூக்கப் போறேன்?"

ஒவ்வொன்றிலும் பாதிக்குத் தண்ணீர் ஊற்றித் தூக்கிப் பார்த்தாள். இது வேண்டாம், அதுவும் வேண்டாம். கடைசியில் ஒரு அலுமினிய வாணலி. தூக்கினாள், சாய்த்தாள், மெதுவாக இறக்கினாள். கை நடுங்கவில்லை.

எடைக்கல்லுக்குப் பொறுக்கவில்லை. தண்ணீரைக் கொட்டிவிட்டு விரலால் தட்டிப் பார்த்தார்.

"என்ன இது, தகரம் மாதிரி! அடுப்புல வெச்சுட்டு அந்தப் பக்கம் திரும்பினா அடிப்பிடிச்சிடும்."

"எதுக்குத் திரும்பணும்? பக்கத்துல நின்னு கிண்ட நான் இருக்கேன்ல? முந்தாநாள் வெங்காயத்தைக் கரியாக்கி வெச்சீங்களே, அது மட்டும் லேசான பாத்திரமா?"

கடைக்காரி சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எடைக்கல்லுக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. எத்தனை நாளாயிற்று இந்தக் குரலைக் கேட்டு! வாணலியைக் கடைக்காரியிடம் நீட்டி, "இதையே கட்டிக் கொடும்மா, அந்தக் கத்தியையும் சேர்த்து" என்றார். பிறகு ஆசையாக மனைவி பக்கம் திரும்பினார்.

"அப்போ நேத்து செஞ்ச முட்டை?"

"அதுக்குப் பேரு முட்டையா?" என்று ஆரம்பித்தாள் அவள்.