தொலைஇடமாற்றம்

உருத்திரமூர்த்தி சேருக்கு மேடை கிடைத்தால் வாயிலிருந்து ஓர் ஆங்கிலச் சொல்கூட விழாது. தெஹியோவிட்டவுக்கு மேலேயுள்ள ரப்பர் தோட்டப் பாடசாலைக்கு விஞ்ஞானம் படிப்பிக்க வந்த யாழ்ப்பாணத்துக்காரர். தோட்டத்துத் தமிழைத் திருத்துவது, கொழும்புக்கு இடமாற்றம் எடுத்துக்கொண்டு ஓடிவிடுவது என்று இரண்டே குறிக்கோள்கள். முதலாவது வாயால் நடக்கவில்லை. இரண்டாவது காலால் நடக்கவில்லை. கொழும்பு வெள்ளவத்தையில் வாடகை அறையில் மனைவி குணேஸ்வரி தனியாக இருந்தாள். பொலிஸ் பதிவு, சோதனைச் சாவடி என்று கிழமைக்கொரு புதுப் பயம் அவளிடமிருந்து வந்தது. மாற்ற விண்ணப்பத்துக்கு மட்டும் பதில் வரவில்லை.

1998ஆம் ஆண்டு விஞ்ஞான தினத்துக்குப் பெற்றோரையும் அழைத்திருந்தார்கள். ரப்பர் பால்வெட்டு முடித்தவர்கள் அப்படியே வந்து தரையில் உட்கார்ந்தார்கள். ஐரோப்பாவில் ஓர் ஒளித்துகளின் நிலையை, துகளைத் தூக்கிச் செல்லாமலே, இன்னோரிடத்துத் துகளுக்குச் சேர்த்துவிட்ட செய்தியை சேர் எடுத்துக்கொண்டார். அதற்கென்று சொந்தமாக ஒரு சொல்லும் செய்திருந்தார்.

“தொலைஇடமாற்றம்!” என்று முழங்கினார். “இங்கே உள்ள நிலை அழியும். அங்கே அதே நிலை தோன்றும். இரண்டு இடத்திலும் சேர்ந்து இருக்க முடியாது. ஆனால் சாதாரண வழியால் ஒரு செய்தியும் போய்ச் சேரவேண்டும். அது போகாவிட்டால் ஒன்றும் நிறைவேறாது.”

இரைந்துகொண்டிருந்த மைக் ஒளித்துகளை விழுங்கிவிட்டு இடமாற்றத்தை மட்டும் தெளிவாகத் துப்பியது.

“இங்க அழிஞ்சிருச்சு, சேதியும் போகலன்னா, அது எங்க சேர் இருக்கும்?” என்று கேட்டாள் தரையில் இருந்த பால்வெட்டுக்காரி மூக்காயி.

“கேள்வியே பிழை அம்மா” என்று சேர் சிரித்தார்.

அடுத்த கிழமை அவரை மண்டபத்துக்கு அழைத்து மாலை போட்டார்கள். தன் பேச்சுக்குக் கிடைத்த பாராட்டு என்று நினைத்தார். இந்த மலையிலும் பௌதிகத்துக்கு மரியாதை உண்டு என்று கண் கலங்கினார். பெற்றோர் சங்கத் தலைவர் எழுந்தார்.

“நம்ம சேர் நம்மள விட்டுட்டு தொலவா போறாரு...”

சேரின் கண் சட்டென்று காய்ந்தது. “ஆர் சொன்னது எனக்கு மாற்றம் எண்டு?”

“நீங்கதானே சேர் மைக்குல சொன்னீங்க. இங்க இருக்க மாட்டீங்க, அங்க தோன்றுவீங்க. சேதி ஒன்னுதான் பாக்கின்னீங்க. அத நம்ம பெரிய சேர் அனுப்பிட்டாரு.”

அதிபர் இராமசாமி பணிவாகத் தலையசைத்தார். “கல்விப் பணிமனைக்கு அன்னிக்கே போன் பண்ணிச் சொல்லிட்டேங்க. பாருங்க, பதிலுக்கு ஆளும் வந்தாச்சு.”

நியமனக் கடிதத்தோடு ஓரமாக நின்ற ஏழுமலை வணக்கம் வைத்தான். அவன் அதிபரின் அக்கா மகன். மேடையில் பக்கத்திலேயே இருந்த அதிபருக்குமா மைக் அப்படிக் கேட்டது என்று சேர் யோசித்தார். கேட்கவில்லை. கழுத்தில் மாலையோடு கேட்கக்கூடிய கேள்வியாக அது இல்லை.

பணிமனையில் எழுதுவினைஞர் முஹ்ஸின் கோப்பை முன்னும் பின்னும் புரட்டினார்.

“இங்க ஒங்கட எடத்துக்கு ஆள் போட்டாச்சு. கொழும்புல ஒங்களுக்கு எடமே போடல்ல. அப்ப இப்ப நீங்க எங்க சேர் ஈக்கிறீங்க?”

“கேள்வியே...” என்று தொடங்கிய சேர் வாயை மூடிக்கொண்டார். ஐரோப்பாவின் அந்த ஒளித்துகள் கொடுத்துவைத்தது என்று சேருக்குப் பட்டது. அதற்கு வெள்ளவத்தையில் மனைவி இல்லை. போய்ச் சேரவேண்டிய செய்தியை அனுப்புகிறவனுக்கு அக்கா மகனும் இல்லை.

திங்கட்கிழமை வேறு போக்கிடம் இல்லாமல் மறுபடியும் தோட்டத்துப் பாதையில் ஏறினார். அவருடைய வகுப்பிலிருந்து ஏழுமலையின் குரல் கேட்டது. வாளியோடு எதிரே வந்த மூக்காயி நின்றாள். அவள் முகத்தில் உண்மையான கவலை இருந்தது.

“என்ன சேர், இன்னுமா தொலையல?”

திருத்துவதற்காக வாயெடுத்தார். வாக்கியத்தில் ஒரு பிழையும் இல்லை.