மீனு உடைத்த தேங்காய்

சுசீலாபாய் டீச்சர் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. சீக்கிரம் தீர வேண்டும் என்ற ஆசையும் இல்லை.

எங்கள் ஒன்பதாம் வகுப்புத் தமிழ்வழிப் பிரிவில் மொத்தமே பன்னிரண்டு பேர். டைல்ஸ் ஒட்டவும் ஹோட்டலில் வேலை பார்க்கவும் திருவனந்தபுரம் வந்தவர்களின் பிள்ளைகள். பொன்முடியில் நடக்கும் மூன்று நாள் கணித முகாமுக்கு எங்களில் ஒருவருக்கு இலவச இடம் கிடைத்தது. சீட்டுக் குலுக்கி எடுக்கலாம், நிகழ்தகவுப் பாடத்தையும் அதிலேயே தொடங்கிவிடலாம் என்றார் டீச்சர்.

பன்னிரண்டு சீட்டையும் அவரே எழுதி மடித்து ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுக்கொண்டு வந்தார். பலகையில் பன்னிரண்டில் ஒன்று என்று பெரிதாக எழுதினார். "ஆருக்கும் கூடுதலும் இல்ல, குறவும் இல்ல, கேட்டியளா?"

என் பக்கத்தில் இருக்கும் மீனு அன்று காலையில்தான் பழவங்காடி கணபதிக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வந்திருந்தாள். சட்னிக்கு வைத்திருந்த தேங்காய். அம்மாவிடம் வாங்கிய அடியின் தடம்கூட கையில் இருந்தது.

டீச்சர் ஒரு சீட்டை எடுத்தார். "பொன்செல்வி." நான்தான். சீட்டை மடித்துத் திரும்ப டின்னிலேயே போட்டார். மீனு உதட்டைக் கடித்துக்கொண்டு கைதட்டினாள்.

அன்றைக்கு வீட்டுப்பாடமும் இருந்தது. எல்லோர் பெயரையும் சீட்டில் எழுத வேண்டும். ஒன்றை எடுத்துக் குறித்துவிட்டு, திரும்பப் போட்டுக் குலுக்க வேண்டும். இப்படி முப்பத்தாறு தடவை எடுத்தால் ஒவ்வொரு பெயரும் ஏறக்குறைய மூன்று தடவை வருகிறதா என்று பார்க்க வேண்டும். இதைச் சொல்லி முடிப்பதற்குள் டீச்சரை ஆபீசில் கூப்பிட்டார்கள். டின் மேசையிலேயே இருந்தது. புதிதாக எதற்கு எழுத வேண்டும் என்று அதை எடுத்துக்கொண்டு கழக்கூட்டம் பஸ் ஏறினேன்.

முதல் சீட்டு பொன்செல்வி. இரண்டாவதும் பொன்செல்வி. நான்காவது தடவை வரை எனக்கு அதிர்ஷ்டம் கொட்டுகிறது என்று சிரித்துக்கொண்டிருந்த முட்டாள் நான். ஏழாவது தடவை டின்னைத் தரையில் கவிழ்த்தேன். பன்னிரண்டிலும் என் பெயர்தான்.

மறுநாள் வகுப்பு தொடங்கும் முன் டின்னை டீச்சர் முன்னால் வைத்தேன். அவர் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"மக்களே, நீ நல்லா படிக்கிற பிள்ள. காசு கட்டி உன்னை அனுப்ப உங்க அப்பாவால முடியுமா?"

"அப்ப மார்க்கைப் பாத்து அனுப்புறதுதானே டீச்சர்."

"மத்த பிள்ளைகளுக்குச் சங்கடமாவும்லா. இதுன்னா ஆருக்கும் சங்கடம் இல்ல."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பிச்சை போட்டிருக்கிறார், அதையும் என்னிடமே மறைத்து. மற்ற பதினோரு பேருக்கும் பூஜ்யத்தைக் கொடுத்துவிட்டுப் பலகையில் பன்னிரண்டில் ஒன்று என்று எழுதியிருக்கிறார். அதை அவர்கள் நோட்டில் எழுதவும் வைத்திருக்கிறார்.

"மீனு அடி வாங்கித் தேங்காய் உடைச்சா டீச்சர். அவ சீட்டு உள்ள இருக்குன்னு நினைச்சு."

டீச்சர் டின்னைக் கையில் எடுத்துக்கொண்டார்.

வகுப்பில் எல்லோரிடமும் அவரே நடந்ததைச் சொன்னார். அவரவர் பெயரை அவரவரே எழுதிப் போட்டோம். அஜின் பெயர் வந்தது. கணக்கு என்றாலே வயிறு வலிக்கும் அஜினுக்கு. பொய் சொல்ல மாட்டேன், போக எனக்கு அவ்வளவு ஆசை.

சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் மீனு கேட்டாள். "அப்ப என் தேங்காய் வீணாடி?"

"நேத்து வீண். உன் பேரே உள்ள இல்ல. இன்னிக்கு இருந்துச்சு. இன்னிக்கு நீ தோத்துட்ட, அவ்வளவுதான்."

மீனு கையிலிருந்த தடத்தைத் தடவிக்கொண்டே, "அப்படின்னா சரி" என்றாள்.