நல்லாத்தான் இருக்கேன்

சாத்தியிருந்த கதவுக்கு உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருந்த வெர்னெட்டாவின் விரல்கள் அப்படியே நின்றன.

கியாராவின் சிரிப்பு. ஆபீசுக்காக அளந்து சிரிக்கும் சிரிப்பில்லை. சர்ச் முடிந்து வாசலில் ஒருத்தர் தோளில் ஒருத்தர் சாய்ந்து சிரிப்பார்களே, அந்த மாதிரி. கூடவே கனமான இன்னொரு சிரிப்பு. அது டாக்டர் ரேஃபோர்ட். மனம் நொந்தவர்கள் பேசுவதற்கென்று கம்பெனி ஒதுக்கிய மூலை அறை அது. போன கோடை வரை அங்கே பிரிண்டர் காகிதக் கட்டுகள்தான் கிடந்தன. இப்போது இரண்டு நாற்காலி, ஒரு செடி, புதன்கிழமை தோறும் ஒரு மனநல ஆலோசகர். அதுவும் தங்கள் நிறத்துக்காரர்.

"அழத்தானே போனா? இளிப்பு என்ன வேண்டிக் கிடக்கு?" என்று வெர்னெட்டா வாய்க்குள் முணுமுணுத்தாள்.

மில்வாக்கி நகரத்தின் அந்த இன்ஷூரன்ஸ் கம்பெனியில், நாலாவது மாடியில் கறுப்பினத்தவர்கள் இரண்டே பேர். ஐம்பதைத் தாண்டிய வெர்னெட்டா, முப்பதைத் தொடாத கியாரா. அவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. மீட்டிங்கில் யாராவது ஏடாகூடமாக எதையாவது உளறினால், மேஜையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஒரு பார்வை போகும். முகத்தில் ஒரு தசை அசையாது. கேட்டியா? கேட்டேன். அவ்வளவுதான். அந்த ஒரு பார்வையை வைத்துக்கொண்டு ஒரு நாளை ஓட்டிவிடலாம். போன வசந்தத்தில் கியாரா ராத்திரி பகலாகத் தயார் செய்த திட்டத்தை விளக்கி முடித்ததும், பெரிய அதிகாரி கைதட்டி, "பிரமாதம், வெர்னெட்டா!" என்றார். கியாரா வெர்னெட்டாவைவிட ஒரு தலை உயரம், பாதி வயது. ஆனாலும் அவர் கண்ணுக்கு அவளும் வெர்னெட்டா! வழக்கம்போலப் பார்வை வந்தது. வெர்னெட்டாவும் பதில் பார்வை அனுப்பினாள். ஆனால் அந்தப் பெண் அதோடு நிற்கவில்லை. எழுந்து போய் மாடிப்படியில் உட்கார்ந்து, மூன்று மாடிக்குக் கேட்கிற மாதிரி அழுதாள்.

அதன்பின் என்ன உபசாரம்! தண்ணீர் கொண்டு ஓடினார்கள், விடுமுறை கொடுத்தார்கள், அறையை ஒழித்துக் கொடுத்தார்கள், டாக்டரைப் பிடித்தார்கள்.

வெர்னெட்டா மட்டும் அழாதவளா? "வெள்ளைக்கார அதிகாரி யாராவது இருந்தா கூப்பிடு" என்று ஒரு வாடிக்கையாளர் முகத்துக்கு நேரே சொன்ன அன்று, எட்டாவது மாடிக் கழிவறைக்குப் போனாள். குழாயைத் திறந்துவிட்டு அழுது முடித்தாள். பவுடர் போட்டுக்கொண்டு வந்து, அதே ஆளின் வேலையை முடித்துக் கொடுத்தாள். யாருக்கும் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் கெட்டிக்காரத்தனம் என்று இத்தனை வருஷமாக நம்பியிருந்தாள். இப்போது பார்த்தால், சத்தம் போட்டு அழுதவளுக்கு ஓர் அறை. சத்தமில்லாமல் அழுதவளுக்குத் தூக்கத்தில் பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலி.

மத்தியானம் வழக்கம்போலக் காருக்குள் உட்கார்ந்து, நேற்றைய கீரையையும் கோழியையும் சாப்பிட்டாள். ஒருமுறை ஆபீசில் அதைச் சூடு பண்ணப்போய் ஒருவன் மூக்கைச் சுளித்ததிலிருந்து இப்படித்தான். தங்கை லவோன் போனில் வந்தாள்.

"என்னக்கா, குரலே ஒரு மாதிரி இருக்கு?"

"அவ சிரிக்கிறாடீ. கம்பெனி காசுல சிரிக்கிறா."

"அந்த டாக்டர் உனக்கும் சேர்த்துத்தானே? நீயும் போய்ச் சிரியேன்."

"எனக்கென்ன கேடு? நல்லாத்தான் இருக்கேன்."

"ஆமாமா. நல்லா இருக்கிறவ எல்லாம் இந்தப் பனியில கார்ல உக்காந்துதான் திம்பா."

வெர்னெட்டா போனை வைத்துவிட்டாள்.

திரும்பி வந்தபோது லிஃப்ட் வாசலில் கியாரா காத்திருந்தாள். முகத்தில் காலையில் கேட்ட சிரிப்பு இல்லை.

"அக்கா, டாக்டரை நிறுத்தப்போறாங்களாம். உங்களத்தான் கிரெட்சன் கூப்பிடுறாங்க. நிறுத்தினா நான் இங்க இருக்கமாட்டேன்க்கா. சத்தியமா முடியாது."

வெர்னெட்டா உள்ளே போனாள்.

கண்ணாடி அறையில் மேலாளர் கிரெட்சன் எழுந்து நின்று வரவேற்றாள்.

"உக்காருங்க வெர்னெட்டா. எப்படி இருக்கீங்க?"

"நல்லாத்தான் இருக்கேன்."

"அதான்! எப்பக் கேட்டாலும் இதேதான் சொல்லுவீங்க." கிரெட்சனின் முகத்தில் நிம்மதி. "விஷயம் இதான். அந்த அறைக்கு ஒருத்தி மட்டும்தான் போறா, தேவைதானான்னு மேல கேக்கறாங்க. நான் உங்களைத்தான் சொன்னேன். இத்தனை வருஷமா இதே மாடியில இருக்காங்க, ஒரு குறை சொன்னதில்லைன்னு. அப்போ இடத்துல கோளாறு இல்லை, அந்தப் பொண்ணுகிட்டதான்னு முடிவு பண்ற மாதிரி இருக்காங்க. நீங்க என்ன சொல்றீங்களோ, அதையே மேல சொல்லிடறேன்."

வெர்னெட்டாவின் நாக்கில் தேன் தடவியது போல் இருந்தது. ஒரே ஒரு வார்த்தை. 'தேவையில்லை.' அறை மறுபடி காகிதக் கிடங்காகிவிடும். சிரிப்பும் நின்றுவிடும். எனக்குக் கிடைக்காதது உனக்கு மட்டும் எதற்கு?

நிமிர்ந்தாள். கண்ணாடிக்கு வெளியே, தன் மேஜையில் உட்கார்ந்தபடி கியாரா அந்தப் பார்வையை அனுப்பினாள்.

வெர்னெட்டாவுக்குச் சுருக்கென்றது. நல்லாத்தான் இருக்கேன். இவர்களுக்குத் தன் உள்ளே இருப்பதைக் காட்டக் கூடாது என்றுதான் அந்த வார்த்தையைத் தினமும் பூட்டாகப் போட்டாள். அதைக் கழற்றி எடுத்து, அந்தப் பெண்ணின் கதவில் மாட்டப் பார்க்கிறார்கள்.

ஆனாலும் வயிற்றெரிச்சல் அடங்கிவிடவில்லை.

"ஒருத்திதான் போறான்னு யார் சொன்னது?" என்றாள்.

"வேற யாரு போறா?"

"நான். அடுத்த புதன்கிழமையிலேர்ந்து. மொத நேரம் எனக்கு. அவ அப்புறம் போகட்டும்."

"நீங்களா? நீங்க நல்லாத்தானே..."

"எட்டாவது மாடிக் கழிவறையில குழாய் ஏன் இவ்வளவு நேரமா ஓடுதுன்னு யாராவது ஒரு நாள் கேட்டிருந்தா, சொல்லியிருப்பேன்."

வெர்னெட்டா வெளியே வந்தாள்.

"என்னக்கா சொன்னீங்க?" கியாரா ஓடி வந்தாள்.

"உன் நேரத்தைப் புடுங்கிட்டேன்."

"ஐயோ, காலை நேரம் என்னோடதுக்கா!"

"இருந்துச்சு. இனிமே என்னோடது. வயசுக்கு மரியாதை குடு."

கியாரா ஒரு கணம் விழித்தாள். பிறகு விஷயம் உறைத்து, கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

புதன்கிழமை வந்தது. வெர்னெட்டா நாற்காலியின் நுனியில், கோட்டின் பொத்தான்கள் எல்லாவற்றையும் போட்டபடி, அடுத்த நிறுத்தத்தில் இறங்கப் போகிறவள் போல உட்கார்ந்திருந்தாள்.

"கோட்டைக் கழட்டி அங்க மாட்டிடலாம்," என்றார் டாக்டர் ரேஃபோர்ட்.

"வேணாம். குளிருது."

அறை ஹீட்டர் அனலடித்துக்கொண்டிருந்தது. டாக்டர் அதைச் சுட்டிக்காட்டவில்லை. கதவின் மங்கலான கண்ணாடியில் கியாராவின் உயரமான நிழல் இங்குமங்கும் நடந்தது. நிற்கட்டும், நல்லாக் காத்திருக்கட்டும் என்று வெர்னெட்டா நினைத்தாள்.

"அவளுக்கும் அரை மணி. எனக்கும் அரை மணிதானா?" என்றாள் திடீரென்று.

"ஆமா."

"இத்தனை வருஷத்துக்கும் அரை மணி!"

"இன்னிக்கு அரை மணி," என்றார் டாக்டர்.

வெளியே நடந்துகொண்டிருந்த நிழல் நின்றது. பிறகு கதவோரம் சரிந்து தரையில் உட்கார்ந்துகொண்டது. வெர்னெட்டா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கை கழுத்துக்குப் போய் மேல் பொத்தானைக் கழற்றியது. அடுத்தது இறுக்கமாக இருந்தது. தலையைக் குனிந்து இரண்டு கைகளாலும் அதை நெம்பத் தொடங்கினாள்.