அடுத்த வரியில் இருப்பவர்

காகிதம் கிழிக்கும் மெஷினுக்கு வயதாகிவிட்டது. நாலு தாளுக்கு மேல் கொடுத்தால் விக்கியது. அதனால் அக்கா அந்தப் பச்சை நோட்டைத் தையல் பிரித்து, மும்மூன்று தாளாக ஊட்டிக்கொண்டிருந்தாள்.

சொந்தத்தில் அவளை அக்கா என்று கூப்பிட ஒருவரும் கிடையாது. இது எட்டு வருஷமாக அந்த எச்.ஐ.வி. சிகிச்சை மையம் கொடுத்த பட்டம். அறுபது வயதுப் பெரியவர்கூட உள்ளே வரும்போது, "அக்கா, மருந்து ரெடியா?" என்பார். "உங்க பொண்ணு வயசு எனக்கு, அக்காவாம்" என்று அவள் முணுமுணுத்தபடியே மாத்திரையை எண்ணிப் போடுவாள். பதவியின் பெயர் ஆலோசகர். மருந்து கொடுப்பது, பதிவு எழுதுவது, அழுகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பது, ஃபேன் நின்றால் ஆள் தேடி ஓடுவது எல்லாம் அதில் அடக்கம்.

இன்று கடைசி நாள். எட்டு வருஷம் வந்துகொண்டிருந்த வெளிநாட்டு நிதி நின்றுவிட்டது. இனி அரசாங்கமே தன் பட்ஜெட்டில் எடுத்துக்கொள்ளும் என்று கடிதம் சொன்னது.

"எடுத்துக்கும்னா எப்போ சார்?" என்று போன மாதக் கூட்டத்தில் கேட்டாள்.

"எடுத்துக்கும்போது எடுத்துக்கும்மா" என்றார் மேலதிகாரி. தன் இனிஷியலைக் கேட்டால்கூட இப்படித்தான் பதில் சொல்வார் அவர்.

அதுவரை எல்லோரும் இரண்டு மணி நேரம் பஸ்ஸில் போய், பெரியாஸ்பத்திரி வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

மையத்தில் மொத்தம் இரண்டு நோட்டுகள். சிவப்பு நோட்டில் நம்பர் இருக்கும், செல்லப் பெயர் இருக்கும், வந்து போன தேதி இருக்கும். செல்லப் பெயர் அக்கா வைப்பது. செருப்பு வார் அறுந்து, அதில் ஊக்கு குத்திக்கொண்டு வந்தவள் 'ஊக்கு'. அதே நாளில் வந்து, ஒரு மணி நேரம் வாயைத் திறக்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதர் 'ரேடியோ'. "ரேடியோ, உள்ள வாங்க" என்று கூப்பிட்டதும் அந்த மனிதருக்கே சிரிப்பு வந்துவிட்டது. இந்த இடத்துக்கு வந்தபின் அவர் சிரித்த முதல் சிரிப்பு.

எந்த நம்பருக்கு எந்த நிஜப் பெயர் என்பது பச்சை நோட்டில் மட்டும். அதற்குத் தனி பீரோ, தனிச் சாவி. சாவி அக்காவின் கழுத்துச் சங்கிலியில். நோயாளி வீட்டுக்கு ஒரு துண்டுச் சீட்டுகூடப் போகாது. மாத்திரை போகும் டப்பாவில்கூட எழுத்து கிடையாது. மையம் மூடும் நாளில் சிவப்பு நோட்டு பெரியாஸ்பத்திரிக்கு, பச்சை நோட்டு மெஷினுக்கு. இது விதி.

விதியை எழுதியதே அக்காதான். முதல் வருஷம் ஒருத்தியின் கொழுந்தன் ஏதோ விலாசம் கேட்கிற சாக்கில் வந்து, மேஜை மேல் கிடந்த பட்டியலை எட்டிப் பார்த்துவிட்டுப் போனான். அந்தப் பெண் அடுத்த மாதம் மருந்துக்கு வரவில்லை. அதற்கப்புறம் எங்கேயுமே வரவில்லை.

கடைசி மூன்று தாளை மெஷின் விழுங்கி முடித்தபோது கதவு திறந்தது.

வக்கீலம்மா. பக்கத்து அறையில் இலவச சட்ட உதவி மையம் நடத்துகிறவள். அதே நிதி, அதே கடைசி நாள். ஆனால் நடக்கிற வழக்குகளை நடுவில் விட முடியாது என்று கோப்புகளை வீட்டுக்குத் தூக்கிப்போகத் தயாராக இருந்தாள். எட்டு வருஷமாக நடுவில் ஒரு சுவர், இரண்டு பக்கமும் ஒரே டீ. ஆனால் இந்தப் பக்கம் வருகிறவர் யார் என்று அவள் கேட்க மாட்டாள். அந்தப் பக்கம் போகிறவர் யார் என்று இவள் பார்க்க மாட்டாள். "நீங்க கேட்காதீங்க, நான் சொல்லலை" என்பது அவர்களுக்குள் குட் மார்னிங் மாதிரி.

"அக்கா, இன்னிக்கு நான் கேட்கத்தான் வந்திருக்கேன்" என்றாள் வக்கீலம்மா. கையில் ஒரு தாள். "சம்மதக் கையெழுத்து இருக்கு. மூணு வாரமா யோசிச்சுட்டு இப்போதான் வந்து போட்டா. உங்க ஆளுதான். பிஸ்கட் கம்பெனில பேக்கிங் வேலை. வேலையை விட்டுத் தூக்கிட்டாங்க."

அக்கா தாளை வாங்கிப் பார்த்தாள். கையெழுத்து கோணல் மாணலாக இருந்தது. அந்தப் பெயரைப் படித்ததுமே அறுந்த செருப்பு கண்ணில் வந்து நின்றது.

"ஊக்கு" என்றாள்.

"வியாதி விஷயம் எப்படியோ கசிஞ்சிருக்கு. ஆனா கம்பெனி அதைச் சொல்லுமா? பதினாலு மாசத்துல சொல்லாம லீவு போட்டது பதினாலு நாள்னு காரணம் காட்டுது. அந்தப் பதினாலு நாளும் அவ இங்க மருந்து வாங்க வந்த நாள். அதை நிரூபிச்சுட்டா சட்டப்படி நீக்க முடியாது. வேலை போச்சுன்னா கம்பெனி கொடுத்த ரூமும் போச்சு, அக்கா. பொண்ணு பத்தாவது படிக்குது. சிவப்பு நோட்டைச் சம்மன் அனுப்பி வாங்கிக்கலாம். நீங்க அந்தப் பச்சை நோட்டு மட்டும்..."

அவள் பார்வை மெஷினுக்கு அடியில் இருந்த கூடைக்குப் போனது. கூடை நிறைய பச்சையும் வெள்ளையுமாக நூல் நூலாகக் காகிதம்.

மெஷின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா குனிந்து சுவிட்சை அணைத்தாள். கூடையில் கைவிட்டு ஒரு பிடி அள்ளினாள். அதை என்ன செய்வது என்று தெரியாமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு மணி நேரம் முன்னாடி சுவரைத் தட்டியிருக்கலாமே, வக்கீலம்மா."

"ஒரு மணி நேரம் முன்னாடி அவ பஸ்ஸுல வந்துட்டிருந்தா."

மூன்று வாரம் கழித்து, தொழிலாளர் தீர்ப்பாயம். மாடியில் நீளமான அறை, பிளாஸ்டிக் நாற்காலிகள், சத்தம் போடுகிற ஒரே ஃபேன். வழக்கின் தன்மை கருதி வெளியாட்களை அனுப்பிவிட்டார்கள். நடுவர், இரண்டு வக்கீல்கள், ஊக்கு, அக்கா. அப்புறம் கம்பெனியின் சாட்சி.

ஊக்கு சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். செருப்பு புதிது. இதற்காகவே வாங்கியிருப்பாள்.

கம்பெனி வக்கீல் தன் சாட்சியைக் கூப்பிட்டார். "வருகைப் பதிவு பார்க்கிற சூப்பர்வைசர், வாங்க."

எழுந்து வந்தவரைப் பார்த்ததும் அக்கா கழுத்துச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டாள்.

ரேடியோ.

எங்கே வேலை என்று அவள் கேட்டதே இல்லை. கேட்கக் கூடாது என்பதும் அவள் எழுதிய விதிதான். அவர் அவள் பக்கம் திரும்பவே இல்லை. பதிவேட்டைப் பிரித்து, பதினாலு தேதிகளை ஒவ்வொன்றாகப் படித்தார். குரல் ஒரே சீராக இருந்தது. இடது கை மட்டும் முழங்காலை அழுத்திப் பிடித்திருந்தது.

அடுத்து அக்கா. வக்கீலம்மா சிவப்பு நோட்டை நடுவர் முன் வைத்தாள். நம்பர் இருநூற்றுப் பன்னிரண்டு. பதினாலு தேதிகளும் அச்சு மாறாமல் அங்கே இருந்தன.

"இந்த இருநூத்திப் பன்னிரண்டு யாரு?"

"இதோ, இவங்கதான். நான்தான் பதிஞ்சேன். ஆறு வருஷமா என் கையாலதான் மருந்து வாங்கினாங்க."

நடுவர் தலையாட்டினார். ஏதோ எழுதினார். வக்கீலம்மாவின் தோள்கள் கொஞ்சம் இறங்கின.

கம்பெனி வக்கீல் அவசரப்படாமல் எழுந்தார். கல்யாண வீட்டில் பந்திக்குக் கூப்பிடுகிற மாதிரி சிரித்த முகம். "அம்மா, பேரும் நம்பரும் சேர்ந்திருந்த நோட்டு எங்கே?"

"அழிச்சாச்சு. விதி அப்படி."

"சரி. டாக்டர் யாராவது வந்து சொல்வாங்களா?"

"மூணு மாசத்துக்கு ஒருத்தர் மாறுவாங்க. அவங்களுக்கும் நம்பர்தான் தெரியும்."

"ஆக, உங்க ஞாபகம் ஒண்ணுதான் ஆதாரம்." நோட்டின் மேல் விரலை வைத்து ஒரு வரி கீழே இறக்கினார். அந்த விரல் இறங்கும்போதே அக்காவுக்குப் புரிந்துவிட்டது. "இங்க பாருங்க சார். அடுத்த வரி. இருநூத்திப் பதிமூணு. அதே நாள்ல பதிஞ்சவர். அதே பதினாலு தேதி. பேரு ரேடியோவாம். அப்போ இந்தத் தேதிகள் இந்த அம்மாவுக்கும் பொருந்தும், அந்த ரேடியோவுக்கும் பொருந்தும். எவரோ ஒருத்தருடைய வரியை எடுத்து இவங்க பேருக்கு ஒட்ட வைக்கலைன்னு எப்படி நம்பறது? அம்மா, உங்க ஞாபகம் அவ்வளவு நல்லதுன்னா ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. இருநூத்திப் பதிமூணு யாரு?"

அக்கா அந்த விரலிலிருந்து கண்ணை எடுத்தாள்.

"அதைச் சொல்ல மாட்டேன்" என்றாள் அக்கா.

வக்கீலம்மா எழுந்தாள். "இது மூணாவது மனிதரோட ரகசியம். சட்டம் அனுமதிக்காது."

"ஒரு சீட்டுல எழுதி எங்கிட்ட மட்டும் கொடுக்கலாமே" என்றார் நடுவர். பாவம், நல்ல மனிதர்தான்.

"சாட்சியத்தை எதிர்த்தரப்பும் பார்க்கணும் சார். பார்க்காம எப்படிக் குறுக்கு விசாரணை பண்றது?" என்றார் கம்பெனி வக்கீல்.

நடுவர் கண்ணாடியைக் கழற்றினார். "அம்மா, தெரிஞ்சும் சொல்ல மாட்டீங்களா, இல்லை தெரியாதா? ரெண்டும் வேற வேற. எது?"

ஐந்தே வார்த்தை. 'அவர் இந்த அறையில்தான் இருக்கார் சார்.' சொன்னால் ஊக்குக்கு வேலை திரும்பும், அறை நிலைக்கும், அவள் மகள் பரீட்சை எழுதுவாள். அக்காவின் கண்கள் அவளையும் கேட்காமல் கம்பெனி சாட்சியின் நாற்காலிப் பக்கம் போயின. ரேடியோ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காதோரமாக ஒரு கோடு வியர்வை இறங்கி, சட்டைக் காலருக்குள் போனது.

கம்பெனி வக்கீலின் சிரிப்பு நின்றது. அக்காவின் பார்வை போன வழியிலேயே அவர் கழுத்தும் மெல்லத் திரும்ப ஆரம்பித்தது. தன் சாட்சியை நோக்கி.

தெரியும், சொல்ல மாட்டேன் என்றால் இந்தக் கழுத்து முழுசாகத் திரும்பிவிடும்.

"ஞாபகம் இல்லை" என்றாள் அக்கா.

கழுத்து பாதி வழியில் நின்றது.

"இல்லையா?"

"இல்லை சார். நிறைய பேர் வருவாங்க. எல்லாரையும் ஞாபகம் வெச்சுக்க முடியுமா?"

கம்பெனி வக்கீல் மறுபடி சிரித்தார். "வேற கேள்வி இல்லை."

தீர்ப்பு இரண்டு வாரத்தில் வரும் என்றார் நடுவர். ஆனால் நோட்டில் உள்ள அந்த வரியை மனுதாரருடையது என்று ஏற்க முடியாது என்பதை அங்கேயே எழுதிவிட்டார். எழுதும்போது யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. இரண்டு வாரத்துக்குப் பிறகு வருகிற காகிதத்தில் வேறென்ன இருந்துவிடப் போகிறது?

வராந்தாவில் வக்கீலம்மா கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். "உங்களுக்கா ஞாபகம் இல்லை? முந்நூறு பேரோட மாத்திரை கலரைச் சொல்வீங்களே, அக்கா."

"நீங்க கேட்காதீங்க" என்றாள் அக்கா. "நான் சொல்லலை."

வக்கீலம்மா அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம், நடுவர் எழுதியதன் நகல் வாங்க உள்ளே போனாள்.

படிக்கட்டில் ஊக்கு உட்கார்ந்திருந்தாள். புதுச் செருப்பு கடித்திருக்க வேண்டும். கழற்றிப் பக்கத்தில் வைத்திருந்தாள். அக்கா அவளுக்கு ஒரு படி கீழே உட்கார்ந்தாள்.

"விடுங்கக்கா. நானும்தான் சொல்லலை."

அக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

"முதல் நாள் பெஞ்சுல பக்கத்துல பக்கத்துல உக்காந்திருந்தோமே. தெரியாம இருக்குமா? ஆறு வருஷமா ஒரே பஸ்ஸுல உங்ககிட்ட வருவோம். நான் முன்னாடி, அவரு பின்னாடி. ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்க மாட்டோம். மறுநாள் எனக்கு ஆப்சென்ட் போடுவாரு. அவருக்கு வெளிவேலைன்னு அவரே எழுதிக்குவாரு." செருப்பு கடித்த இடத்தைத் தடவிக்கொண்டாள். "நீங்க வாயைத் திறந்துடுவீங்களோன்னு ஒரு நிமிஷம் பயம். திறக்கணும்னும் இருந்துச்சு. ரெண்டும்தான்."

"ரூமை எப்போ காலி பண்ணணும்?"

"இந்த மாசக் கடைசி. பொண்ணுகிட்ட பரீட்சை முடியட்டும்னு இன்னும் சொல்லலை."

மேலே காலடிச் சத்தம் கேட்டது. ரேடியோ தனியாக இறங்கி வந்தார். இருவரையும் கடந்து நாலு படி போனவர், கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றார். திரும்பவில்லை. சுவரைப் பார்த்துத்தான் பேசினார், முதல் நாள் மாதிரியே.

"எங்கிட்ட மாத்திரை இன்னும் நாலு நாளைக்குத்தான் இருக்கு. இனிமே எங்க வாங்கணும்?"

அக்காவுக்கு ஒரு கோபம் ஏறி வந்தது. அதை விழுங்கினாள். எட்டு வருஷப் பழக்கம் அவளை முந்திக்கொண்டு பதில் சொன்னது. "பெரியாஸ்பத்திரி. பின்பக்கக் கட்டடம், ஏழாம் ஜன்னல். செவ்வாய்க்கிழமை மட்டும்தான். காலைல ஆறு மணிக்கே வரிசை நிக்குது. திரும்பி வர சாயங்காலம் ஆயிடும்."

"முழு நாளா? எனக்கு அவ்வளவு லீவு..."

அந்த வார்த்தையிலேயே அவர் நின்றுவிட்டார்.

ஊக்கு செருப்பை எடுத்துக் காலில் மாட்டினாள். கடித்த இடத்தில் பட்டதும் முகம் சுளித்தது. எழுந்து நின்று, அவர் முதுகைப் பார்த்துச் சொன்னாள். குரலில் கருணையும் இல்லை, குத்தலும் இல்லை. பஸ் நேரம் சொல்கிற மாதிரி இருந்தது.

"நான் ஆறு மணிக்கே போயிடுவேன் சார். உங்களுக்கும் சேர்த்து இடம் போட்டு வைக்கிறேன். மெதுவா வாங்க. எனக்குத்தான் இனிமே லீவே வேண்டாமே."