பந்து போன பக்கம்

ஜெர்சியின் காலர் இன்னும் ஈரமாக இருக்கிறது என்று அன்பரசன் முகம் சுளித்தான். "போட்டுக்கினு வெயில்ல நில்லு, தானா காஞ்சிடும்," என்றாள் அக்கா ஜாஸ்மின். முணுமுணுத்துக்கொண்டே தலை வழியாக மாட்டிக்கொண்டு, பைக்கை உதைத்துக் கிளம்பினான். வாணியம்பாடியில் நான்கு மணிக்கு ஃபுட்பால் மேட்ச். ஆம்பூருக்குத் திரும்பி வரும்போது, சென்னை ரோட்டில் மழையில் வண்டி சறுக்கி, பின்னால் வந்த லாரியில் அடிபட்டு இறந்துபோனான்.

துக்கம் கேட்க வந்தவர்களில் பாதிப் பேர் அந்த மேட்சைப் பார்த்தவர்கள். ஐந்து நிமிடம் தலை குனிந்து உட்கார்ந்திருப்பார்கள். பிறகு யாராவது ஒருவர் மெதுவாக ஆரம்பிப்பார். கடைசி நிமிடம். கோலுக்கு நேர் முன்னால் அன்பரசன் காலில் பந்து. வாணியம்பாடி கோல்கீப்பர் ஃபஹீம் ஏற்கெனவே வலப்பக்கம் விழுந்து கிடந்தான். அன்பரசன் இடப்பக்கம் அடித்தான். விழுந்தவன் எப்படி எழுந்தான், எப்படிப் பறந்தான், யாருக்கும் தெரியவில்லை. விரல் நுனியால் பந்தைக் கம்பத்துக்கு வெளியே தள்ளிவிட்டான்.

"மேட்ச் ஃபுல்லா அந்த கோல்கீப்பரத் திட்டிக்கினே இருந்தோம் ம்மா. வலைல ஓட்டை இருக்குது, எங்க ஷூ கம்பெனிக்கு எடுத்துக்கினு வா, தச்சுத் தர்றோம்னு. அதத் தடுத்தான் பாரு, எல்லார் வாயும் மூடிக்கிச்சு. எதிர் டீமுன்னு கூட பாக்காம கை தட்டிட்டேன்," என்றார் மஹபூப் பாஷா. அன்பரசனோடு கட்டிங் செக்‌ஷனில் வேலை செய்தவர். எங்கே இருக்கிறோம் என்பது மறந்து, ஷாமியானாவுக்குக் கீழே கையை நீட்டிச் சாய்ந்து காட்டினார். பிளாஸ்டிக் நாற்காலி கவிழப் பார்த்தது.

"கண்ண மூடிக்கினு அடிச்சாலும் கோலு அது," என்றார் பின்வரிசையில் ஒருவர். "இவன் போயி..."

பக்கத்தில் இருந்தவர் அவர் தொடையைக் கிள்ளினார்.

ஜாஸ்மின் காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அந்த 'இவன் போயி' காதை விட்டுப் போகவில்லை. இத்தனை பேர் பேச்சையும் தலையில் ஏற்றிக்கொண்டுதான் தம்பி வண்டி ஓட்டினானா? ரோட்டைப் பார்த்து ஓட்டினானா, அந்தப் பந்தையே நினைத்துக்கொண்டு ஓட்டினானா? அவளுக்கு அது தெரிந்தாக வேண்டும்.

மஹபூப் பாஷாவிடம் சொல்லி வீடியோக்களை வாங்கினாள். ஏழு பேர் எடுத்தவை. ஷூ கம்பெனியில் செக்கிங் மேஜையில் பதினோரு வருடம் உட்கார்ந்தவள். ஒரு தையல் விட்டிருந்தாலும் கண்ணில் பட்டுவிடும். ஏழிலும் அன்பரசனின் முதுகு தெரிகிறது, கால் ஓங்குகிறது. உடனே போன் கோல்கீப்பர் பக்கம் திரும்பிவிடுகிறது. பிறகு கூச்சல். "யப்பா! கையா அது, ரப்பரா?" என்று ஆம்பூர் ஆட்களே சிரிக்கிறார்கள். தம்பி எதிலும் இல்லை. யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான். "நாங்க கோலியப் பாத்துக்கினு இருந்தோம் ம்மா."

அவனுக்கு எதிரே நின்றவன் ஒருவன்தான். சர்ச்சில் முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாள் அவள் வாணியம்பாடிக்குப் பஸ் ஏறினாள்.

ஃபஹீம் ஒரு தோல் குடோனில் வேலை செய்தான். வெறுங்காலோடு வெளியே வந்தவன், யாரென்று தெரிந்ததும் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டான்.

"அத ஏன் தடுத்தேன்னு இருக்குதுக்கா."

"நல்லாத்தான் தடுத்தே. நான் அதுக்கு வரல. அடிச்ச அப்புறம் அவன் இன்னா பண்ணான்?"

"நான் கீழ கிடந்தேன். எழுந்து பாத்தா உங்க டீமுக்கு கார்னர் கிக். அண்ணன் எனக்கு முன்னால வந்து முதுகு காட்டி நின்னாரு. பூட்ஸால என் கால மிதிச்சாரு. 'கைல இன்னாடா தடவிக்கினு வந்த? இந்த வாட்டி பிடி, பாக்கலாம்'ன்னாரு."

"கோவமாவா?"

"முகம் பாக்கலக்கா. குரல்ல கோவம் இல்ல. அவசரம். சீக்கிரம் இன்னொரு பந்து வந்தா தேவலன்ற மாதிரி."

"அப்புறம்?"

"அந்த கார்னர் பந்தும் வெளிய போய்டுச்சு. விசில் அடிச்சிட்டாங்க. எங்க ஆளுங்க என்னத் தூக்கிக்கினாங்க. அண்ணன அப்புறம் நான் பாக்கலக்கா."

மைதானம் வரைக்கும்தான் பதில் கிடைத்தது. ரோட்டுக்கு இல்லை. இனி கேட்க ஆளும் இல்லை. ஜாஸ்மின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். பிறகு நின்றாள்.

"எந்தக் கால?"

ஃபஹீம் இடது காலை முன்னால் நகர்த்தினான்.

"வலிக்குதா?"

"இப்ப இல்லக்கா."

அவள் குனிந்து பார்த்தாள். பெருவிரல் நகம் ஒரு மாதம் கழித்தும் கறுப்பாகத்தான் இருந்தது.