இரண்டாம் அறையில் இருந்த பிள்ளை

சூசைபட்டி ஞானசெல்வி தன் இரண்டாவது பிள்ளையைப் பதினோரு வருடமும் நாலு மாதமும் வயிற்றில் வைத்திருந்து, போதும் என்று தோன்றிய நாளில் பெற்றாள். உத்தமபாளையத்துக்கும் கோம்பைக்கும் நடுவில் இருக்கும் அந்த ஊரில் போய்க் கேட்டால், அந்த வருடம் பன்னீர் திராட்சை கிலோ என்ன விலைக்குப் போனது என்று சொல்லும் அதே குரலில் இதையும் சொல்வார்கள். வாயைப் பிளப்பது வெளியூர்க்காரர்கள்தான். ஊர்க்காரர்களுக்கு அதிசயமாகப் பட்டது வேறொன்று. சவேரியம்மாள் மாதிரி ஒரு மாமியாரை, ஒரு மருமகள் கைநீட்டாமல், ஒரு கெட்ட வார்த்தை பேசாமல் சாய்த்துவிட்டாளே என்பதைத்தான் இன்னமும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

எல்லாம் 2013இல் தேனியில் எடுத்த ஒரு ஸ்கேனில் தொடங்கியது. ஞானசெல்விக்கும் மிக்கேலுக்கும் கல்யாணமாகி ஒன்றரை வருடம். டாக்டரம்மா திரையை அவள் பக்கம் திருப்பிக் காட்டி, கர்ப்பப்பை எல்லாருக்கும் ஒரே அறையாக இருக்கும், உனக்கு இரண்டாகப் பிரிந்திருக்கிறது, இரண்டுக்கும் தனித்தனி வாசல், அறைக்கு ஒன்றாக இரண்டு பிள்ளை இருக்கிறது என்றார். இது நோயல்ல, பிறவி அமைப்பு. சில ஆயிரம் பேரில் ஒருத்திக்கு இப்படி இருக்கும். ஆனால் அறை சிறியது என்பதால் குறைமாதத்தில் வலி வரலாம், பாரம் தூக்கக் கூடாது, வலி என்றால் அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும் என்று படம் வரைந்து எழுதியும் கொடுத்தார். வீட்டில் அந்தத் தாளைப் பார்த்த சவேரியம்மாள் சிரித்தாள். அவள் ஆடு வளர்த்தவள், கறி போடும்போது குடல் பிரித்துக் கழுவியவள்.

“மனுசிக்குப் பை ஒண்ணுதான். ரெண்டு கொம்பாப் பிரிஞ்சு கெடக்கிறது ஆட்டுக்கு. ஆட்டுக்கு எவ ஆத்தா ஓய்வு குடுத்தா?” என்றாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் ஞானசெல்விக்குப் பேர் ஆட்டுவயித்துக்காரி. தெருவிலும் பாதிப் பேர் அப்படியே கூப்பிட்டார்கள்.

ஆறாம் மாதத்தில், ஆகஸ்டு கடைசியில், தோட்டத்தில் திராட்சை பறிப்பு. கேரளாவுக்குப் போகும் லாரி வரப்போரம் நின்றது. மிக்கேல் கம்பம்மெட்டுக்கு மேலே ஏலக்காய்த் தோட்டத்துக்கு மருந்தடிக்கப் போயிருந்தான். காலை பத்து மணிக்கு ஞானசெல்விக்கு இடுப்பு வலித்தது. ஆட்டோ கூப்பிடச் சொன்னாள். அதெல்லாம் சூட்டு வலி, லாரி போகட்டும் என்றாள் மாமியார். பதினொரு மணிக்கு மறுபடி கேட்டாள். லாரி போகட்டும் என்றாள் மாமியார். பன்னிரண்டு மணிக்குப் பந்தலுக்குக் கீழே, பெட்டிகளுக்கு நடுவில், முதல் அறையில் இருந்த பிள்ளை வந்துவிட்டது. ஞானசெல்விக்குக் கண் இருட்டியது. இருட்டுவதற்கு முன் ஓர் அழுகுரல் கேட்டது, பூனைக்குட்டி அளவுக்குத்தான், ஆனாலும் கேட்டது. கண் விழித்தபோது லாரி போயிருந்தது. பக்கத்தில் ஒன்றுமில்லை. ஏழாவது கொடியின் தூரில் ஈரமண் குவிந்திருந்தது. தோட்டத்து ஆள் தவசி மண்வெட்டியைக் கழுவிக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் நின்றான்.

ரத்தக்கட்டி என்று சொன்னாள் சவேரியம்மாள். பிள்ளையே இல்லை, அந்த வயிற்றில் எங்கே பிள்ளை தங்கும், அழுதது ஆட்டுக்குட்டி. மகனிடம் அப்படிச் சொன்னாள், பங்குச்சாமியாரிடம் அப்படிச் சொன்னாள், துக்கம் கேட்க வந்தவர்களையும் கட்டிக்கு எதற்குத் துக்கம் என்று திருப்பி அனுப்பினாள். பயம்தான் காரணம். டாக்டர் எழுதிக் கொடுத்த தாள் வீட்டில் இருக்கிறதே, பிள்ளை என்று ஒத்துக்கொண்டால் ஆட்டோ கூப்பிடாதது யார் என்ற கேள்வி வருமே. மிக்கேல் தாயை நம்பினான். பிள்ளை என்று யாரும் சொல்லாததால் அதற்குப் பேரில்லை, ஜெபமில்லை, கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை. மாமியார் உடைத்தால் மண்குடம் என்று சும்மாவா சொன்னார்கள்.

இரண்டாவது அறைப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒன்று முந்தி வந்தாலும் மற்றது தன் அறையில் தங்கி, நாள் நிறைந்து பிறப்பது உண்டு என்றார் டாக்டரம்மா. நாள் நிறைந்தது. தாண்டியது. பத்தாவது மாதம் முடிந்த அன்று ஞானசெல்வி பக்கத்து வீட்டுக்காரர்கள் இருக்கும்போது முற்றத்தில் வந்து நின்று, அத்தை அது பிள்ளைதான் என்று கோயிலில் வைத்து ஊர் கேட்கச் சொல்ல வேண்டும், சொன்னால் இது வெளியே வரும், சொல்லாதவரை வராது என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அவளுக்கு அது எப்படி முடிந்தது என்று டாக்டர்களுக்கும் தெரியவில்லை. அவளைக் கேட்டால், கதவைச் சாத்திக்கொள்வதில் என்ன சிரமம் என்றாள். தேனியில் ஆபரேசனுக்கு நாள் குறித்தார்கள். ஒப்புதல் தாளை அவள் தொடவில்லை. புருசன் கையெழுத்துப் போட்டான், அது செல்லாது என்றார்கள். பிள்ளை எப்போது பார்த்தாலும் அதே எடையில், அதே துடிப்பில் நன்றாக இருந்ததால், இரண்டு மூன்று வருடத்தில் அவர்களுக்கும் அலுத்துவிட்டது.

கிராமத்து நர்ஸ் ஜோதிலட்சுமிக்குத்தான் வேலை கூடியது. கர்ப்பிணிப் பதிவு கம்ப்யூட்டர் நாற்பத்திரண்டு வாரத்துக்கு மேல் வாங்காது. அதனால் வருடா வருடம் சித்திரையில் ஞானசெல்வியைப் புதுக் கர்ப்பிணியாகப் பதிந்தாள். பதினோரு வருடம் இரும்புச்சத்து மாத்திரையும் அங்கன்வாடி சத்துமாவும் வந்தபடி இருந்தன. மாத்திரையை விழுங்கிவிட்டு, மாவு உருண்டையை மாமியாருக்கு எதிரில் உட்கார்ந்து, வயிற்றின் மேல் தட்டை வைத்துக்கொண்டு, மெதுவாகத் தின்பாள் ஞானசெல்வி.

சவேரியம்மாளின் கழுத்துக்குச் சுருக்கு அவள் கையிலேயே இருந்தது. அவளைப் போல் சாஸ்திரம் பார்ப்பவள் கம்பம் பள்ளத்தாக்கிலேயே கிடையாது. ஞானஸ்நானம் வாங்கியது முப்பாட்டன் காலத்தில்தான், சாஸ்திரம் அதற்கும் மூத்தது என்பாள். வீட்டில் மாசமாக ஒருத்தி இருந்தால் அஸ்திவாரம் தோண்டக் கூடாது, கூரை போடக் கூடாது, கிணறு வெட்டக் கூடாது, பச்சை மரத்தில் கத்தி வைக்கக் கூடாது, புருசன்காரன் சவரம் பண்ணக் கூடாது, பிணம் தூக்கக் கூடாது. அடுத்த வீடுகளில் எவனாவது மீறினால் வாசலில் போய் நின்று ஏசியவள் அவள். இப்போது தன் வீட்டில் எப்படி மீறுவாள்?

மாடி எழுப்ப இறக்கிய செங்கல் வாசலிலேயே பாசி பிடித்தது. மாடி இல்லாத வீட்டில் எங்கே குடியிருப்பது என்று சின்ன மகன் பிரான்சிஸ் போடியில் பெண்ணெடுத்து அங்கேயே வீட்டோடு மாப்பிள்ளையாகத் தங்கிவிட்டான். தோட்டத்தில் போர்க்கிணறு போட முடியவில்லை. கத்தி வைத்துக் கவாத்து பண்ணாத திராட்சைக்கொடி குலை விடாது, இலையும் கொடியுமாகத்தான் ஓடும். அப்படியே ஓடி, பந்தலை மூடி, மோட்டார் அறையை மூடி, உச்சி வெயிலிலும் உள்ளே விளக்கு வேண்டும் என்று ஆனது. குத்தகைக்குக் கேட்டு வந்தவர்கள், கத்தி வைக்கக் கூடாது என்றதும் திரும்பிப் பார்க்காமல் போனார்கள். மிக்கேலின் தாடி தொப்புளைத் தொட்டது. பஸ்ஸில் கண்டக்டர்கள் அவனைச் சாமி என்று கூப்பிட்டு இடம் கொடுத்தார்கள். இதெல்லாம் திருச்சபை சொன்னதல்ல என்று பங்குச்சாமியார் இரண்டு பிரசங்கம் வைத்தார். ஜனங்கள் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்கள். ஒரு வார்த்தையில் எல்லாம் தீர்ந்திருக்கும். சவேரியம்மாளின் வாய் அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் திறக்கவில்லை.

ஞானசெல்விக்கு இது விளையாட்டாக இருந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம். பதினோரு வருடம் மல்லாந்து படுக்காத உடம்பு அவளுடையது. ஐந்தாவது வருடம் ஒரு மத்தியானம் பிள்ளை உள்ளிருந்து கையை விரித்து வைத்தது. ஐந்து விரலும் தோலுக்கு மேல் தெரிந்தன. அவள் ஒவ்வொரு விரலாகத் தொட்டுப் பார்த்து அழுதாள். இதன் முகத்தைப் பார்க்காமல் நான் என்னத்தைச் சாதிக்கிறேன், போதும், வந்துவிடு என்று சொல்லக்கூடச் செய்தாள். இடுப்பில் வலி ஒரு சுற்று வந்தது. அந்த நேரம் பார்த்துத் தெருவில் மாமியார் யாரிடமோ, அன்றைக்கு விழுந்த கட்டியோடு இதுவும் விழுந்து தொலைந்திருக்கலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஞானசெல்வி கண்ணைத் துடைத்தாள். வலி நின்றது. அதற்குப் பிறகு அவள் மனசு ஒருநாளும் இளகவில்லை.

2024 வைகாசியில் சவேரியம்மாளுக்குக் கால் வீங்கி, மூச்சு இழுத்தது. இருதயம் நைந்துவிட்டது, நாளை எண்ணுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். சாவுக்கு அவள் பயப்படவில்லை. படுத்தவாக்கில் ஒவ்வொன்றாக யோசித்துக்கொண்டே வந்தவளுக்கு ஒன்று உறைத்தது. மாசமாக இருப்பவளின் புருசன் பிணம் தூக்கக் கூடாது, குழியில் மண் போடக் கூடாது. மூத்த மகன் தோள் கொடுக்காமல், அவன் கைமண் விழாமல், அநாதைபோல் அவள் போக வேண்டும். மருமகளைக் கூப்பிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“பெத்துரு ஆத்தா. எம்மகன் என்னையத் தூக்கணும்.”

“நீங்க சொல்லுங்க அத்தை.”

“அது பிள்ளதான்.”

“எனக்குத் தெரியும். ஊருக்குக் கேக்கல.”

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் நாற்காலியோடு தூக்கிக்கொண்டுபோய் அவளைப் பீடத்துக்கு முன்னால் வைத்தார்கள். சாமியார் மைக்கைக் கொடுத்தார். அது பிள்ளை, ஆண்பிள்ளை, லாரியில் பெட்டி ஏற்றி முடிகிறவரைக்கும் உயிரோடு இருந்தது, அழுதது, நான் துணியைப் போட்டு மூடினேன் என்று சொன்னாள் சவேரியம்மாள். மிக்கேல் தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். அன்று மத்தியானமே தவசி கொடியை விலக்கி ஏழாவது தூரைத் தோண்டினான். தோண்டிய மட்டும் அழுதான், நானும் கேட்டேன் தாயி, நானும் கேட்டேன் என்று. கிடைத்ததைச் சின்னப் பெட்டியில் வைத்து, அருண் ஜோசப் என்று பேரிட்டு, கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் பண்ணினார்கள். மாசக்காரி அங்கே போகக் கூடாது. ஞானசெல்வி போனாள், யாரும் தடுக்கவில்லை.

சாயங்காலம் வீட்டில் வெந்நீர் கொதித்தது. ஆட்டோ வாசலில் நின்றது. ஜோதிலட்சுமி பையோடு வந்துவிட்டாள். ஞானசெல்வி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கால் நீட்டிக்கொண்டாள். வலி வரவில்லை. எப்போது என்று மிக்கேல் கேட்டான்.

“அவுக ஒரு வார்த்தை சொல்லப் பதினோரு வருசம் ஆச்சு. எனக்குப் பதினோரு நாளு ஆகக் கூடாதா?” என்றாள்.

பதினோரு நாள் உயிரைப் பிடித்துவைக்க சவேரியம்மாள் என்னென்னவோ செய்தாள். பார்லித் தண்ணீரைத் துளித்துளியாகக் குடித்தாள். பேசினால் மூச்சு செலவாகும் என்று பேசாமல் கிடந்தாள். தினமும் காலையில் விரலைக் காட்டி நாளை மட்டும் கேட்பாள். ஞானசெல்வியேதான் பக்கத்தில் இருந்து பதில் சொன்னாள். அவள்தான் துடைத்தாள், புரட்டிப் போட்டாள், பீச்சட்டியும் எடுத்தாள். ஒரு குறை சொல்ல முடியாது. ஒன்பதாம் நாள் மூச்சு அறுந்து அறுந்து வந்தபோது மிக்கேல் பெண்டாட்டியின் காலடியில் உட்கார்ந்து, நாளை மறுநாள் பெறுவதை இன்றைக்கே பெறக் கூடாதா, உனக்கு என்ன குறைந்துவிடும் என்றான்.

“லாரி போகட்டும்” என்றாள் ஞானசெல்வி.

பத்தாம் நாள் விடிகாலை சவேரியம்மாள் போய்ச் சேர்ந்தாள். சவப்பெட்டியைப் பிரான்சிசும் பங்காளிகள் மூன்று பேரும் தூக்கினார்கள். மிக்கேல் மீறிப் போயிருக்கலாம். பதினோரு வருடம் காத்த பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ற பயமும், தாய் சொல்லைத் தட்டாத வழக்கமும் அவனைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டன. தாடி நனைய அங்கேயே நின்றான். முதல் மண்ணைச் சின்ன மகன் போட்டான். தன் சாஸ்திரப்படி, ஒரு குறையும் இல்லாமல், சவேரியம்மாள் அடங்கினாள். பாவம் என்று சிலர் சொன்னார்கள். ஞானசெல்வி சொல்லவில்லை. அவளுக்குப் பாவமாகத் தோன்றவில்லை, தோன்றியதாக நடிக்கவும் இல்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்கு அவளே எழுந்து சேலை மாற்றி ஆட்டோவில் ஏறினாள். உடன் வந்த ஜோதிலட்சுமிதான் பின்னால் இதையெல்லாம் சொன்னாள். தேனி ஆஸ்பத்திரியில் சேர்ந்த முக்கால் மணி நேரத்தில் சுகப்பிரசவம், பெண்பிள்ளை. வெளியே வந்த பிள்ளை அழாமல், கண்ணைத் திறந்து, பச்சை உடுப்புப் போட்டு நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தது. பிறகு தாயைப் பார்த்துக் கேட்டது.

“அவுக போயிட்டாகளா?”

“போயிட்டாக” என்றாள் ஞானசெல்வி.

அதற்குப் பிறகுதான் பிள்ளை வாயைத் திறந்து, எல்லாப் பிள்ளையும் அழுகிற மாதிரி அழுதது. டாக்டரம்மா கொடியை அறுத்தார். எடை இரண்டு கிலோ எண்ணூறு, ஜோதிலட்சுமி குறித்துக்கொண்டாள். பெனிட்டா என்று பேர் வைத்தார்கள். அடுத்த பேச்சை அது ஒரு வயது முடிந்துதான் பேசியது.