பின்வரிசைக்கு வந்தவன்

கிருபாகரன் மட்டக்களப்புக்காரன். கிறிஸ்தவ ஊழியப் பயிற்சிக்காக மாமல்லபுரத்துக்கு வடக்கே, சவுக்குத் தோப்பை ஒட்டியிருந்த சின்ன வேதாகமப் பள்ளி ஒன்றில் வந்து சேர்ந்திருந்தான். தமிழ் பேசும் ஊர்தானே, வெளிநாடு என்ற நினைப்பே வராது என்று வீட்டில் தைரியம் சொல்லி அனுப்பியிருந்தார்கள். வந்து இறங்கிய அன்றே அது பொய்யாய்ப் போயிற்று. ஆட்டோக்காரர் கேட்டது அவனுக்குப் புரியவில்லை. அவன் சொன்னது ஆட்டோக்காரருக்குப் புரியவில்லை. வகுப்பில் அவன் பேசுவதைக் 'கதைக்கிறது' என்றாலே சிரித்தார்கள். வெளிநாட்டவராகப் பதிவு செய்யப் போன அலுவலகத்தில், படிக்கத்தான் வந்தாயா என்று ஒரே கேள்வியை விதவிதமாகக் கேட்டார்கள். டீக்கடையில் "சிலோனா?" என்று விசாரித்தவர்கள், அதன் பிறகு தங்களுக்குள் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

இதெல்லாம் அவனுக்குப் பெரிய வருத்தமில்லை. தன்னைச் சந்தேகப்படுகிறவர்களை அவனால் புரிந்துகொள்ள முடிந்தது. அவனுமே எல்லோரையும் சந்தேகத்தோடுதான் பார்த்தான். சில வருஷங்களுக்கு முன், ஊரில் உயிர்த்த ஞாயிறு ஆராதனையில் குண்டு வெடித்ததில் அக்காவின் மகன் போய்விட்டான். பையில் குண்டு கொண்டுவந்தவனைக் கிருபாகரன் பார்க்கவில்லை. பிறகு பிறர் சொல்லக் கேட்டதுதான். பார்க்காததாலேயே அந்த ஆளுக்கு ஒரு முகம் இல்லாமல் போயிற்று. எந்த முகமும் பொருந்திப் போகும் என்று ஆகிவிட்டது. அன்றிலிருந்து எந்த ஆராதனையிலும் வாசல் தெரிகிற இடத்தில்தான் உட்காருவான்.

பள்ளியின் ஜெபக்கூடத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியாட்களும் வருவார்கள். அவர்களில் ஒருவன் கறுப்புப் பையோடு வந்தான். வற்றலான உடம்பு, எண்ணெய் தடவி ஒட்ட வாரிய தலை. பாட்டு தொடங்கிய பிறகு நுழைவான், கடைசி வரிசையில் பையைக் கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு உட்காருவான், முடிவு ஜெபத்துக்கு முன்பே எழுந்து போய்விடுவான். யாரிடமும் பேசமாட்டான்.

இரண்டாவது வாரம் கிருபாகரன் வலியப் போய்ப் பெயர் கேட்டான். கார்த்தி என்றான் அவன், வேறு எங்கோ பார்த்தபடி. நடுவில் ஒருமுறை பையை அப்படியே விட்டுவிட்டு வெளியே போனான். அவன் முகம் கழுவிக்கொண்டு திரும்பி வரும்வரை கிருபாகரனுக்குப் பிரசங்கத்தில் ஒரு சொல்கூடக் காதில் ஏறவில்லை.

அறைத் தோழன் பிரபா கருங்குழிக்காரன், எதையும் லேசாக எடுத்துக்கொள்கிறவன். கேளம்பாக்கத்தில் ஏதாவது ஐ.டி. கம்பெனி ஆளாக இருக்கும், மடிக்கணினி வைத்திருப்பான் என்று சொல்லிவிட்டான். ஆனால் அதே பிரபாதான் சில நாள் கழித்துத் திருப்போரூரிலிருந்து வந்து ஒரு செய்தி சொன்னான். பஸ் நிறுத்தத்தில் அந்த ஆளைப் பார்த்தானாம். கூட இருந்தவன் அவனை அரசு என்று கூப்பிட்டானாம்.

"பேரு இன்னாவா இருந்தா நமக்கு இன்னா அண்ணாத்த?" என்றான் பிரபா.

கிருபாகரனுக்கு அப்படி விட முடியவில்லை. பெயரைப் பொய்யாகச் சொல்கிறவன் எதற்காக வருகிறான்? பள்ளி முதல்வர் ஞானம்மாளிடம் போய்ச் சொன்னான். அந்த அம்மாள் நெடுங்காலம் நர்சாக இருந்து ஓய்வு பெற்றவர், சட்டென்று எதையும் பேசமாட்டார். முழுவதும் கேட்டுவிட்டு, இங்கே வருகிறவர்களில் பாதிப் பேர் பெயரை மறைத்துத்தான் வருகிறார்கள், அவர்களுக்கு வீட்டில் ஆயிரம் இருக்கும், விட்டுவிடு என்றார். இந்தப் பக்கத்து ஜனங்கள் நம்மை எப்படிப் பார்க்கிறார்கள் என்று தெரிந்துமா இவர் இப்படிச் சொல்கிறார் என்று அவன் நினைத்தான். மீன் கொண்டுவரும் பெண்கள்கூட கேட்டுக்கு இந்தப் பக்கம் கால் வைப்பதில்லை. உள்ளே போனால் மதம் மாற்றிவிடுவார்கள் என்று பக்கத்து மீனவக் குப்பத்தில் பேச்சு. அப்படியிருக்க, இந்தப் பக்கத்து ஆள் ஒருவன் பெயரை மறைத்து நல்லதுக்கா வருவான்?

அடுத்த ஞாயிறு அந்த ஆள் வழக்கத்தைவிடத் தாமதமாக வந்தான். பை புடைத்திருந்தது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வாசலில் கொஞ்சம் நின்று கூடத்தை ஒரு சுற்று பார்த்தான். அந்தப் பார்வைதான் கிருபாகரனை எழுப்பியது. ஓடிப்போய் அவன் தோளைப் பிடித்து வெளியே தள்ளினான். பையைப் பிடுங்கி, ஜிப்பைக் கிழிக்காத குறையாகத் திறந்து, முற்றத்து மணலில் கவிழ்த்தான்.

ஏதோ ஒரு ரிசார்ட்டின் பெயர் தைத்த சீருடைச் சட்டை விழுந்தது. பேன்ட், ஒரு ஜோடி ஷூ, வீட்டிலிருந்து கட்டிக் கொடுத்த சாப்பாட்டு டப்பா. டப்பா திறந்துகொண்டு, குழம்புச் சோறு சீருடையின் மேல் கொட்டியது.

பாட்டு நின்றது. எல்லோரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். கேட்டுக்கு வெளியே கூடையோடு நின்ற குப்பத்துப் பெண் ஒருத்தியும் எட்டிப் பார்த்தாள். அரசு அவளைப் பார்த்தான். அவன் முகம் வெளிறியது. சோற்றை உதறிவிட்டுத் துணியை மடித்துப் பைக்குள் வைத்தான்.

"ஞாயித்துக்கெழம டூட்டினு வூட்ல சொல்லிட்டு வந்துகினு இருந்தேன்" என்றான். "இனிமே சொல்லத் தேவயில்ல. அவ போய்ச் சொல்லிடுவா."

அவன் போன பிறகும் கிருபாகரன் மணலில் கிடந்த சோற்றைக் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தான். ஞானம்மாள் அவனைத் திட்டவில்லை. ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தார். ஊருக்கே திரும்பிப் போய்விடுகிறேன் என்று அவன் சொன்னபோது, போகலாம், முதலில் குப்பத்தில் அந்தப் பிள்ளையின் வீட்டைத் தேடிப் போய்விட்டு வா என்றார்.

மறுநாள் மாலை குப்பத்துக்குப் போனான். விசாரித்த இடமெல்லாம் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டுத்தான் வழி சொன்னார்கள். அரசுவின் அம்மா ஜெகதாம்பாள் வீட்டு வாசலில் வலையிலிருந்து நண்டுகளைப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தாள். இவன் யாரென்று தெரிந்ததும் அவள் கை நின்றது. என் பிள்ளையை உள்ளே கூட்டிப் போய் என்ன செய்கிறீர்கள், என்ன கொடுத்து மயக்குகிறீர்கள் என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றால் நம்பமாட்டாள் என்று தெரிந்தது. அதனால் அவன் உண்மையைச் சொன்னான். பைக்குள் குண்டு இருக்கும் என்று நினைத்ததை, அக்காவின் மகனை, எல்லாவற்றையும் மணலில் நின்றபடியே சொன்னான்.

அவள் கையிலிருந்த வலையைக் கீழே வைத்தாள்.

"எம் புள்ளயப் பாத்தா உனுக்கு அப்டியா தோணிச்சு?"

"உங்கட மகனெண்டு இல்ல அம்மா. யாரப் பார்த்தாலும் எனக்கு அப்படித்தான் தோணுது."

அரசு உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தான். வெளியே வந்து கதவில் சாய்ந்து நின்றான். கிருபாகரன் மன்னிப்புக் கேட்டான். அரசு தலையாட்டினானே தவிர, மன்னித்ததாகச் சொல்லவில்லை. ரிசார்ட்டில் நாளெல்லாம் யாராவது ஒருவர் என் பையைத் திறந்து பார்க்கிறார், துண்டு திருடிவிட்டேனா சோப்பு திருடிவிட்டேனா என்று, அப்படிப் பார்க்காத ஓர் இடம் இருந்தது, அதையும் நீ கெடுத்துவிட்டாய் என்றான். ஜெகதாம்பாள் அவனை உட்காரச் சொல்லவில்லை. போகும்போது, இருட்டுவதற்குள் ரோட்டுக்குப் போய்விடு, நாய்கள் புது ஆளைக் கடிக்கும் என்று மட்டும் சொன்னாள்.

அவன் ஊருக்குத் திரும்பவில்லை. வகுப்புகள் நடந்தன. அரசு வரவில்லை.

ஒரு ஞாயிறு, பாட்டு முடிந்து பிரசங்கம் தொடங்கியிருந்தபோது ஜெகதாம்பாள் கூடத்துக்குள் வந்தாள். இடுப்பில் பிளாஸ்டிக் தாளால் மூடிய அலுமினியப் பாத்திரம். அதைக் கதவோரம் இறக்கி வைத்துவிட்டு, கடைசி வரிசையில் கிருபாகரனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். என்ன நடக்கிறது என்று கண்ணால் பார்த்துவிட வந்திருக்கிறாள் என்று அவனுக்குத் தெரிந்தது. யார் என்ன கொடுக்கிறார்கள், யார் எதை வாங்குகிறார்கள் என்று அவள் கண் ஒவ்வோர் ஆளாக அளந்துகொண்டிருந்தது.

பாத்திரத்தில் மீன்தான் இருக்கிறது. மூடியிருந்தாலும் நாற்றம் வந்துகொண்டிருந்தது. அப்படியும் அவனால் அதிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. எழுந்து போய்த் தாளை ஒரு மூலையில் தூக்கிப் பார்த்தால் போதும் என்று இருந்தது. நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தான்.

பிரசங்கம் முடிந்து காணிக்கை எடுக்கத் தொடங்கியபோது அவள் அவன் பக்கம் சாய்ந்தாள்.

"ரொம்ப நேரம் பேசுனாங்களே" என்றாள். "எம் புள்ள வந்தா வரட்டும். பொய் சொல்லிட்டு வராதன்னு சொல்லிட்டேன். ஆனா நானும் வருவேன், பாத்துகினுதான் இருப்பேன்."

"வாங்க அம்மா" என்றான் கிருபாகரன்.

அவள் மறுபடி முன்னால் திரும்பி, காணிக்கைப் பையோடு வரிசை வரிசையாக வந்துகொண்டிருந்தவனைக் கண் கொட்டாமல் கவனிக்க ஆரம்பித்தாள்.